ஹங்கேரி நாட்டுப்புற நடனமும் ரோமா இசையும்: இந்தப் பிள்ளைகள் காப்பாற்றுவது எதை?

கேள்வி

"ஹங்கேரியில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் நாட்டுப்புற நடனம் ஆடும் காணொளிகள் நிறையப் பார்க்கிறேன். பூவேலை செய்த உடை, உயரமான பூட்ஸ், பின்னால் வயலின். கிராமத்தில் செத்துப்போன ஒன்றை நகரத்துப் பிள்ளைகள் உடை மாட்டிக்கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா?"

2023 அக்டோபர் 9

சொல்லலாம். நீங்கள் பார்த்தவை போட்டி மேடையில் எடுத்த காணொளிகள் என்று நினைக்கிறேன். அங்கே உடை, ஒப்பனை, நடுவர்கள் எல்லாம் உண்டு. நான் ஆறு வருஷமாக புடாபெஸ்ட்டில் வேலை பார்க்கிறேன், வாரம் ஒரு நாள் போகும் இடம் வேறு. அதன் பெயர் தான்ஸ்ஹாஸ். நடன வீடு என்று அர்த்தம். அங்கே மேடை கிடையாது. ஒரு கூடம், மரப்பலகைத் தரை, மூலையில் நாலு நாற்காலி போட்டு வாத்தியக்காரர்கள். வருகிறவர்கள் ஜீன்ஸ் பேன்ட்டில் வருகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் யாராவது அடவு சொல்லிக் கொடுப்பார்கள். அப்புறம் நள்ளிரவு தாண்டும்வரை ஆட்டம்தான். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை.

முதல் தான்ஸ்ஹாஸ் 1972 மே 6 அன்று புடாபெஸ்ட்டில் ஒரு புத்தகக் கழகத்தின் அறையில் நடந்தது. வாசித்தவர்கள் ஷெபெ ஃபெரென்ட்ஸ், ஹல்மோஷ் பேலா என்ற இரண்டு இளைஞர்கள். (ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால் வரும், அப்படியே எழுதுகிறேன்.) முதலில் நடனக் குழுக்களுக்கு மட்டும்தான். திமார் ஷாந்தோர் என்ற நடன ஆசிரியர்தான், யார் வேண்டுமானாலும் வரட்டும், தெரியாதவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம் என்று கதவைத் திறந்தார். இன்று அங்கே ஆடும் பிள்ளைகள் அந்த முதல் கூட்டத்தின் பேரப் பிள்ளைகள் வயசு. மூன்றாவது தலைமுறையும் வந்துவிட்ட ஒன்றை நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

2023 அக்டோபர் 10

நேற்று எழுதாமல் விட்டது. அந்த இளைஞர்கள் இதைக் கற்பனையில் உண்டாக்கவில்லை. ருமேனியாவின் ட்ரான்சில்வேனியாவில் சேக் என்று ஒரு ஹங்கேரியக் கிராமம். அங்கே மூன்று தெருப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடன வீடு. இளவட்டங்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வாத்தியக்காரர்களுக்குக் காசு பிரித்துக் கொடுத்து ஆடுவார்கள். 1970களிலும் அது அங்கே நடப்பில் இருந்தது. பெயரும் முறையும் அங்கிருந்து வந்தவைதான். லாய்தா லாஸ்லோ 1940களின் தொடக்கத்தில் பதிவு செய்த சேக் இசை 1954இல் புத்தகமாக வந்தது. ஹல்மோஷும் ஷெபெயும் முதலில் அதைப் பார்த்துப் பழகினார்கள், பிறகு ஊருக்கே நேரில் போனார்கள். வழி காட்டியவர்கள் நடன ஆய்வாளர் மார்தின் ஜொர்ஜும், பாட்டுச் சேகரிப்பாளர் கால்லோஷ் ஸோல்தானும்.

2023 அக்டோபர் 12

"பின்னால் வயலின் வாசிக்கும் நாடோடிகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். ரோமாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு சிறுபான்மைச் சமூகம். ஹங்கேரியிலும் ட்ரான்சில்வேனியாவிலும் இசைத்தொழில் செய்யும் ரோமா குடும்பங்கள் நூற்றாண்டுகளாக ஒரே ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்கள். வீடு, தெரு, கல்லறை எல்லாம் அங்கேதான். சிகான் என்பது ஹங்கேரிய மொழியில் அவர்களுக்கு வழங்கும் பழைய பெயர். சில இசைக் குடும்பங்கள் அந்தப் பெயரையே தங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன, வேறு சிலருக்கு அது வசைச்சொல். நான் ரோமா என்றே எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 12, இரவு

இன்னொன்று. கேள்வியில் வயலின் "பின்னால்" இருக்கிறது. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 15

நாளை என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது.

ட்ரான்சில்வேனியக் கிராமத்துக் குழு மிகச் சின்னது. முன்னணி வயலின்காரர் ப்ரீமாஷ். அவருக்குப் பக்கத்தில் கோந்த்ரா. வயோலா மாதிரிதான், ஆனால் மூன்றே கம்பி. கம்பிகளைத் தாங்கும் பாலம் வளைவு இல்லாமல் தட்டையாக இருக்கும். அதனால் வில்லை வைத்தால் மூன்று கம்பியும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். கோந்த்ரா பாட்டின் மெட்டை வாசிப்பதே இல்லை, ஸ்வரக் கூட்டுகளை மட்டும் விடாமல் இறைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது டபுள் பாஸ், ஆள் உயரத்துக்கு நிற்கும் கனத்த குரல் வாத்தியம். கிழக்கே ஜிமெஷ் மலைப்பக்கம் போனால் ஒரு வயலினும், செல்லோ உருவத்தில் கம்பியைக் குச்சியால் அடிக்கும் கர்தொன் என்ற வாத்தியமும் போதும். அங்கே ஆண் வயலின் வாசிக்க மனைவி கர்தொன் அடிப்பது வழக்கம்.

நான் கோந்த்ரா படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் எட்டு மாதம் ஒரே ஒரு அசைவுதான். ஒரு வில் இழுப்புக்குள் இரண்டு தாளம் வர வேண்டும், இரண்டாவதில் லேசாக ஒரு அழுத்தம். த்யூவே என்கிறார்கள். எழுதிக் காட்ட ஒரு வரி போதும். கையில் வர மாதங்கள் ஆகும். எனக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு வயசு பத்தொன்பது. அவன் ஒரு நாள் சொன்னான்: "உங்கள் கையைப் பார்க்காதீர்கள், ஆடுகிறவர் முழங்காலைப் பாருங்கள்." அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. ஆடுகிறவர் இறங்கும்போது நம் வில்லும் இறங்க வேண்டும். முழங்கால் ஒரு கணம் தாமதித்தால் வில்லும் தாமதிக்கும். ட்ரான்சில்வேனியாவின் மெஸோஷேக் வட்டாரத்தின் மெதுவான ஆட்டங்களில் தாளம் சம இடைவெளியிலேயே வராது, நொண்டி நடந்த மாதிரி இழுத்து இழுத்து வரும். மெட்ரோனோம் என்ற தாளம் எண்ணும் கருவியை வைத்து அதைப் பழக முடியாது, எதிரே ஓர் ஆள் ஆட வேண்டும்.

அதனால்தான் "பின்னால் வயலின்" என்பதை ஏற்க முடியவில்லை. லெகேனியெஷ் என்று ட்ரான்சில்வேனியாவின் கலோதசெக் பக்கத்து ஆண்களின் தனி ஆட்டம் ஒன்று உண்டு. குதித்து, பூட்ஸ் தோலில் படபடவென்று தட்டி ஆடுவது. ஆடுகிறவன் கூட்டத்தைப் பார்க்க மாட்டான். வாத்தியக்காரர்களுக்கு நேர் எதிரே போய் நின்று, அவர்களைப் பார்த்து ஆடுவான். தனக்கு வேண்டிய மெட்டை அவனே கேட்டு வாங்குவான். எப்போது முடிக்கப் போகிறான் என்பது ப்ரீமாஷுக்கு அவன் தோளைப் பார்த்தாலே தெரியும்.

2023 அக்டோபர் 16

"அப்படியானால் ரோமாக்களின் இசை ஹங்கேரியர்களின் இசையா, அல்லது நேர்மாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நூற்றைம்பது வருஷச் சண்டை இது. இசையமைப்பாளர் லிஸ்ட் 1859இல் ஒரு புத்தகம் எழுதி, ஹங்கேரிய இசை என்று உலகம் சொல்வதே ரோமாக்கள் படைத்தது என்றார். ஹங்கேரியில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிறகு வந்த இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோதாயும் 1900களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமம் கிராமமாகப் போய், உண்மையான பழைய பாட்டு விவசாயிகளிடம் இருக்கிறது, காபிக்கடை ரோமா குழுக்கள் வாசிப்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய பாட்டுகள் என்று காட்டினார்கள். பாட்டைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பார்டோக் ரோமா வாத்தியக்காரர்களை ஒதுக்கியே விட்டார், நடனத்துக்கு வாசிக்கும் கலை யார் கையில் இருந்தது என்பதைக் கவனிக்கவே இல்லை.

2023 அக்டோபர் 17

நேற்று எழுதியதின் கடைசி வரி தவறு. திருத்துகிறேன். பார்டோக் 1915இல் பியானோவுக்கு எழுதிய ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் என்ற தொகுப்பில் முதலாவது, கம்பு நடனம். அந்த மெட்டை ஒரு ட்ரான்சில்வேனியக் கிராமத்தில் இரண்டு ரோமா வயலின்காரர்கள் வாசிக்கத்தான் அவர் கேட்டார். ஆக, கவனித்திருக்கிறார். உலகமெங்கும் பியானோ படிக்கும் பிள்ளைகள் வாசிக்கும் துண்டு அது. மெட்டுக்குப் பக்கத்தில் பார்டோக் பெயர் நிலைத்துவிட்டது, வாசித்த இருவரும் வெறும் "இரண்டு வயலின்காரர்கள்".

2023 நவம்பர் 2

ரோமா மொழி தமிழோடு தொடர்புடையதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது இந்தோ ஆரிய மொழி, இந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. எண்கள் எக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். தண்ணீருக்கு பானி, கண்ணுக்கு யாக். ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது கிரேக்கச் சொற்கள்: எஃப்தா, ஒக்தோ, இன்யா. அவர்கள் வந்த வழியே எண்ணிக்கையில் பதிந்திருக்கிறது. நம்மோடு முடிச்சுப் போட வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் கதையே போதுமான அளவு பெரியது.

ஹங்கேரியின் பெரும்பாலான இசைக் குடும்பங்கள் ரோமா மொழியை எப்போதோ விட்டுவிட்டன, வீட்டில் ஹங்கேரிய மொழிதான். தெற்கே பெயாஷ் எனப்படும் பிரிவினர் பழைய ருமேனிய மொழி பேசுகிறார்கள். ரோமா மொழியைப் பெரும்பாலும் காப்பாற்றியவர்கள் ஓலா ரோமாக்கள் என்ற இன்னொரு பிரிவினர்.

2023 நவம்பர் 5

ஓலா ரோமாக்கள் என்றதும் எனக்கே உறைத்தது. இதுவரை நான் எழுதியது முழுக்க வயலின் குடும்பங்களைப் பற்றி. ரோமா இசை என்றால் அது மட்டும் அல்ல.

ஓலா ரோமாக்களின் வீட்டு இசையில் மரபாக வயலினே கிடையாது. தண்ணீர்க் குடத்தைக் கையால் அடிப்பார்கள், கரண்டி தட்டுவார்கள், விரல் சொடுக்குவார்கள், டபுள் பாஸ் மாதிரி வாயாலேயே தாளம் போடுவார்கள், அதை வாய் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பாடிக் கேட்கும் பாட்டு ஒரு வகை, ஆடுவதற்கான பாட்டு இன்னொரு வகை. ஆட்டப் பாட்டில் பல இடங்களில் சொற்களே இருக்காது, வெறும் சொற்கட்டு ஓடும். 1978இல் புடாபெஸ்ட்டில் சில இளைஞர்கள் கால்யி ஜாக் என்ற குழுவைத் தொடங்கி, கிதாரையும் சேர்த்துக்கொண்டு, இந்தப் பாட்டுகளை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பெயரின் பொருள் கறுப்பு நெருப்பு. அதுவரை ஹங்கேரியர்களுக்கு ரோமா இசை என்றாலே உணவகத்து வயலின்தான். வீட்டுக்குள் பாடும் பாட்டை, தங்கள் மொழியிலேயே, தங்கள் பெயரிலேயே பாடிக் காட்டியது அந்தத் தலைமுறை.

அப்புறம் பொதொலோ. வடகிழக்கு ஹங்கேரி ரோமாக்களின் கம்பாட்டம். நம் ஊரில் சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்கள் பார்த்தால் உடனே உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு ஆண்கள் கம்போடு மோதுகிற மாதிரி ஆடுவது உண்டு. கம்பு ஏந்திய ஆணின் எதிரே பெண் வெறுங்கையோடு, கம்புக்கு அடியில் புகுந்து புகுந்து ஆடுவதும் உண்டு. போன வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி அப்படி ஆடினாள். அவளுடைய பாட்டி முன்வரிசையில் இருந்து வாயால் பாஸ் பாடினார். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

2023 நவம்பர் 19

இப்போது, கேள்வி கேட்ட நண்பருக்கு. முதல் நாள் "சொல்லலாம்" என்று வேகமாக எழுதினேன். கிட்டத்தட்ட ஆறு வாரம் கழித்து அந்த வேகம் எனக்கு இல்லை.

நடனத்தைப் பற்றிக் கவலை இல்லை. 2011இல் யுனெஸ்கோ தான்ஸ்ஹாஸ் முறையை நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. 2007 முதல் புடாபெஸ்ட் இசைப் பல்கலைக்கழகத்திலேயே நாட்டுப்புற இசை ஒரு பட்டப் படிப்பு. 2012 முதல் தொலைக்காட்சியில் ஒரு பெரிய போட்டி நடக்கிறது, பெயர் மயில் பறந்தது. அதற்கென்று சிறுவர் பதிப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வட்டாரம் வட்டாரமாக அடவு தெரியும்.

வாசிக்கிற குடும்பங்களின் நிலை அப்படி இல்லை. ரோமா வீடுகளில் பையனுக்கு ஐந்து, ஆறு வயசில் சின்ன வயலின் கையில் வரும். ரய்கோ என்றால் ரோமாச் சிறுவன். அந்தப் பெயரிலேயே 1952இல் ஓர் இளையோர் இசைக்குழு தொடங்கி, பல தலைமுறைக் கலைஞர்களை வளர்த்தது. அன்றைக்கு ஒவ்வொரு உணவகத்திலும் குழு இருந்தது, சம்பளம் இருந்தது. 1989இல் கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு அரசு உணவகங்கள் கைமாறின, குழுக்களை நிறுத்தினார்கள். என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். முதல் வருஷம் நான் போனபோது அங்கே சிம்பலம் (மேசை மாதிரிப் பெட்டியில் கம்பிகளைக் குச்சியால் தட்டும் வாத்தியம்) வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் சிம்பலம் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். கேட்டேன். சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்பீக்கரே போதும் என்றார்கள். நான் அங்கே சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

கிராமத்திலும் இதே கதை, வேறு விதத்தில். கல்யாணத்துக்கு இப்போது கீபோர்டு போதும். அதனால் இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஜாஸ் பக்கம், செவ்வியல் பக்கம் போகிறார்கள், வாசிப்பையே விடுகிறவர்களும் உண்டு. ஜாஸுக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. கிதார் கலைஞர் ஷ்னேட்பெர்கர் ஃபெரென்ட்ஸ் 2011இல் பலடோன் ஏரிக்கு அருகே ஃபெல்ஷொயோர்ஷ் ஊரில் வசதி குறைந்த ரோமாப் பிள்ளைகளுக்காக ஓர் இசை மையம் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன், அவர்கள் எந்த இசைக்குப் போனாலும் இசைக்குத்தான் லாபம். வருத்தம் வேறு. தாத்தாவிடம் இருக்கும் முந்நூறு மெட்டுகளைப் பேரன் கேட்டு வாங்குவதற்குக் காரணம் ஒன்று வேண்டும், அந்தக் காரணம் வெறும் பெருமையாக மட்டும் இருந்தால் பத்தாது.

2023 நவம்பர் 20

"நகரத்து ஹங்கேரியப் பிள்ளைகள் அதே மெட்டுகளை நன்றாகவே வாசிக்கிறார்களே, அப்புறம் என்ன நஷ்டம்?"

நன்றாகவே வாசிக்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுப்பவனும் அப்படி ஒருவன்தான், அவன் ரோமா இல்லை. நஷ்டம் என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கிராமத்து ரோமாக் குழு ஒரே ஊரில் ஹங்கேரியர், ருமேனியர், ரோமா, முன்பு யூதர் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வாசித்தது. எல்லார் மெட்டும் அவர்களிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வடக்கு ட்ரான்சில்வேனிய யூதர்களில் பெரும்பாலோரைக் கொன்றொழித்துவிட்டார்கள். 1993இல் முஷிகாஷ் என்ற ஹங்கேரிய நாட்டுப்புற இசைக்குழு அந்த யூதர்களின் இசையைப் பதிவு செய்யத் தேடியபோது, யூதக் கல்யாணங்களில் வாசித்து அந்த மெட்டுகளை நினைவில் வைத்திருந்தவர்கள் வயசான ரோமா வாத்தியக்காரர்கள்தான். கோவாச்சி, டோனி என்று இருவர். ஒரு சமூகமே போன பிறகும் அதன் இசை இன்னொரு சமூகத்தின் விரல்களில் ஐம்பது வருஷம் இருந்திருக்கிறது. இது பட்டப் படிப்பில் வராது.

2023 நவம்பர் 21

கோபமாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு தங்கை சொல்கிறார். சரிதான்மா. 2008, 2009 ஆண்டுகளில் ஹங்கேரியில் ரோமா குடும்பங்களைக் குறிவைத்து நடந்த கொலைத் தாக்குதல்களில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவன் சின்னப் பையன். இந்த நாட்டில் ரோமா வயலின்காரரை எழுந்து நின்று கைதட்டிவிட்டு, அவர் குடும்பத்துக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நடனத்தைப் பற்றி எழுதும்போது இதை மட்டும் எப்படி ஒதுக்கி வைப்பது?

2024 ஆகஸ்ட் 18

ஒன்பது மாதம் கழித்து மறுபடி எழுதுகிறேன். கோடை முகாமுக்குப் போய் வந்தேன். ட்ரான்சில்வேனியாவில் க்ளூஜ் நகரத்துக்கு வடக்கே வாலஸூத் என்ற கிராமம். கால்லோஷ் ஸோல்தான் தன் குடும்பத்துப் பழைய மாளிகையைப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவும் அருங்காட்சியகமாகவும் மாற்றிய இடம். 2018இல், தொண்ணூற்றோரு வயசில், அவர் இறந்தார். முகாம் தொடர்கிறது. காலையில் நடனம், மதியம் வாத்தியம், இரவு தான்ஸ்ஹாஸ்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாவது இரவு, மெஸோஷேக் வட்டாரத்து ரோமாக் குழு வந்தது. ப்ரீமாஷுக்கு எழுபதுக்கு மேல். பேரன் கோந்த்ரா, பதினான்கு வயசு இருக்கும். அவர்களோடு புடாபெஸ்ட் மாணவர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து வாசித்தார்கள். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் பன்னிரண்டு ஜோடிதான் மிச்சம். நானும் ஓரமாகக் கோந்த்ராவோடு இருந்தேன். பெரியவர் மெதுவான ஓர் ஆட்டத்துக்குத் தாவினார். அந்த நொண்டித் தாளம். மாணவர்கள் வில் எல்லாம் கலைந்தது, என்னுடையதும். பையன் மட்டும் தாத்தாவைப் பார்க்கவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. எதிரே ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடியின் காலைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டே போனான். அந்த ஜோடி புடாபெஸ்ட்டில் பொறியியல் படிக்கும் இருவர். அவர்களும் அவனைக் கவனித்துவிட்டார்கள். வாத்தியக்காரர்களை நோக்கி நகர்ந்து நகர்ந்து, கடைசியில் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று சுற்றினார்கள். நாங்கள் எல்லாரும் வில்லை மடியில் வைத்துவிட்டோம். பதினைந்து நிமிஷம், தாத்தா, பேரன், பாஸ்காரர் மூன்று பேர் மட்டும்.

முடிந்ததும் அந்தப் பெண் பையனிடம் மெட்டின் பெயர் கேட்டாள். பெயர் இல்லை, எங்கள் பெரிய தாத்தாவுடையது என்றான். அவள் ஆட்டக்காரர்களிடையே தொப்பி ஏந்தி வந்தாள். சேர்ந்த காசைப் பெரியவர் எண்ணாமல் அப்படியே பையனிடம் கொடுத்தார். அவன் மூன்று பங்காகப் பிரித்தான். தன் பங்கிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, கோந்த்ராவுக்குப் புதுக் கம்பி வாங்கித் தரச் சொல்லி எனக்குப் பாடம் எடுக்கும் பையனிடம் நீட்டினான்.

வாங்கி அனுப்பியாகிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் அந்தக் குழுவை புடாபெஸ்ட்டுக்கு அழைக்கிறோம். பயணச் செலவும் சம்பளமும் முன்கூட்டியே பேசியாயிற்று. பேரனுக்கும் முழுப் பங்கு.